‘கப்பல்’ என்னும் சொல்: கடல்சார் சட்டத்தில் ஒரு பொருள் வரலாறு

அன்றாட வழக்கில் கப்பல் என்னும் சொல்லுக்குப் பொருள் வினவுவார் எவரும் இலர். நீதிமன்றங்களோ ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அதனை வினவிக்கொண்டே இருக்கின்றன. கடலில் தத்தளித்த ஒன்றை மீட்டவனுக்குப் பரிசு உண்டா, கூலி பெறாத மாலுமி தான் பணிபுரிந்த கலத்தையே தடுத்துவைக்கக் கோரலாமா, மோதலில் காயமுற்றவன் எத்தனை ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும், செலுத்தியவன் சிறை செல்ல வேண்டுமா என்னும் வினாக்களுக்கெல்லாம் முன்னதாக எழுவது ஒரே வினா: நீரில் மிதந்த அப்பொருள் கப்பலா, அன்றா? விடை ஒரு சொல்லின் எல்லையைப் பொறுத்தது. அவ்வெல்லை எவ்வாறு வகுக்கப்பட்டது, எவ்வாறு நகர்ந்தது என்பதன் வரலாறு சொற்பொருளியலாருக்கும் சட்ட மொழிபெயர்ப்பாளருக்கும் ஒருசேரப் பயன்தருவது. ஏனெனில், இச்சொல்லின் சட்டப்பொருள் அப்பெயர்ச்சொல்லில் தங்கியிருக்கவில்லை. அதனை அடுத்து வரும் வினைமுற்றிலும், அதற்கு அடையாக வரும் எச்சத்தொடரிலுமே அது தங்கியுள்ளது.

ஆங்கிலச் சட்டவழக்கில் இணையாக வழங்கும் சொற்கள் இரண்டு: ‘ஷிப்’, ‘வெஸ்ஸல்’. முன்னது பழைய ஆங்கிலச் சொல். பின்னது இலத்தீன் மூலத்திலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வெஸ்ஸல் என்பதன் முதற்பொருள் பாத்திரம், கொள்கலம் என்பதாகும். நீரில் மிதக்கும் ஊர்தி என்னும் பொருள் அதிலிருந்து விரிந்தது. தமிழில் ‘கலம்’ என்னும் சொல் இதே இரு பொருளையும் தாங்கி நிற்பது வியக்கத்தக்க ஒற்றுமை. உண்கலமும் கலம்; மரக்கலமும் கலம். ஆதலால் வெஸ்ஸல் என்பதற்குக் கலம் என்றும், ஷிப் என்பதற்குக் கப்பல் என்றும் வழங்குவது வெறும் வசதி கருதியது அன்று. மலாய் மொழி ‘கபால்’ என ஏற்றுக்கொண்ட சொல்லும் கப்பலே.

ஆங்கில மாலுமிகளிடையே ஷிப் என்பதற்குச் சட்டத்தினும் குறுகிய பொருள் ஒன்றும் இருந்தது. மூன்று பாய்மரங்களைக் கொண்டு, மூன்றிலும் குறுக்குச் சட்டங்களில் சதுரப்பாய் கட்டியதையே அவர்கள் ஷிப் என்றனர். இரண்டு பாய்மரம் உடையது ‘பிரிக்’. அதனைக் கப்பல் எனல் அவர்கள் காதுக்குப் பிழை. சட்டம் மாலுமியின் சொல்லையும் ஏற்கவில்லை, அகராதியின் சொல்லையும் முழுமையாக ஏற்கவில்லை. சங்க இலக்கியத்தில் தனித்தனி ஆட்சி பெற்ற நாவாய், வங்கம், அம்பி, திமில், புணை போன்ற சொற்களைப் பிற்கால நிகண்டுகள் ஒரே தலைப்பின்கீழ் அடுக்கிய முறைக்குச் சட்டத்தின் போக்கு ஓரளவு ஒப்பானது. நிகண்டு ஒப்புமை காட்டியது. சட்டம் விளைவு தேடியது. வேறுபாடு அவ்வளவே.

பிரித்தானிய வணிகக் கப்பல் சட்டம் 1854இல் இயற்றப்பட்டபோது ஷிப் என்பதற்கு ஒரு வரையறை தரப்பட்டது. துடுப்புகளால் செலுத்தப்படாததும் நீர்வழிச் செலவில் பயன்படுத்தப்படுவதுமான எல்லா வகைக் கலங்களையும் அச்சொல் உள்ளடக்கும் என்பது அதன் கருத்து. 1861ஆம் ஆண்டின் கடல்துறை நீதிமன்றச் சட்டமும், 1894ஆம் ஆண்டின் விரிவான வணிகக் கப்பல் சட்டமும் ஏறக்குறைய அதே சொற்களை மீண்டும் எழுதின. குடியேற்ற நாடுகளின் சட்டங்கள் பலவற்றுக்கும் இதுவே மூலபாடம் ஆயிற்று. துடுப்பு என்பது இங்கு ஒரு குறியீடு. பதிவேடு, சான்றிதழ் பெற்ற தலைவன், மாலுமி ஒப்பந்தம் ஆகிய சுமைகளை ஆற்றில் ஆளேற்றும் சிறுபடகின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. சிறுபடகைப் பெருங்கலத்தினின்று பிரிக்க எளிதில் கண்ணுக்குப் புலனாகும் அடையாளம் துடுப்பே என வரைவாளர் எண்ணியிருத்தல் வேண்டும். நூற்றுக்கணக்கான துடுப்புகளால் மத்தியதரைக் கடலை ஆண்ட போர்க்கலங்கள் இவ்வரையறையின்படி கப்பலின் புறத்தே நிற்கும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எவரும் பொருட்படுத்தவில்லை.

இவ்வடையாளம் கேள்விக்கு உள்ளானது 1871இல். ஃபெர்குசன் வழக்கு என அறியப்படும் அவ்வழக்கில் ஆராயப்பட்டது ஒரு மீன்பிடி படகு. நீளம் 24 அடி. முன்புறம் மட்டுமே மேல்தளம். இரண்டு பாய்மரம் உண்டு, சுக்கானும் உண்டு. தேவைப்பட்டபோது துடுப்பும் போடுவர். கரையிலிருந்து பல மைல் கடலுக்குள் சென்று மீன்பிடிப்பது அதன் தொழில். துடுப்பு இருப்பதால் அது கப்பல் அன்று என வாதிடப்பட்டது. நீதிபதி பிளாக்பர்ன் அதனை ஏற்கவில்லை. அவருடைய விளக்கத்தின் உயிர்நிலை ‘உள்ளடக்கும்’ என்னும் வினையில் இருந்தது. ஒரு சட்டம் இச்சொல் இன்னதை உள்ளடக்கும் எனக் கூறும்போது, அச்சொல்லின் இயல்பான பொருளைச் சுருக்குவதற்காக அவ்வாறு கூறவில்லை. அதனை விரிப்பதற்கே கூறுகிறது. ஆகவே வரையறையில் அடங்காதது என்பதனால் மட்டும் ஒன்று கப்பல் அல்லாமல் போகாது. மெய்யாகவே கடல்மேல் செல்வதைத் தொழிலாகக் கொண்டது எதுவோ, அது கப்பல். இவ்வாறு அந்த 24 அடிப் படகு கப்பல் ஆயிற்று.

மொழிபெயர்ப்பாளர் சற்று நின்று நோக்க வேண்டிய இடம் இது. ஆங்கிலச் சட்ட வரைவில் வரையறை வினைகள் இரண்டு: ‘பொருள்படும்’ என்பது ஒன்று, ‘உள்ளடக்கும்’ என்பது மற்றொன்று. முன்னது சுவர், பின்னது வாசல். தமிழில் இவ்வேறுபாடு எளிதில் கரைந்துபோகக் கூடியது. ‘கப்பல் என்பது துடுப்பால் செலுத்தப்படாத, நீர்வழியில் பயன்படும் எல்லா வகைக் கலமும் ஆகும்’ என எழுதினால் வாக்கியம் செம்மையாக ஒலிக்கிறது. ஆனால் ‘என்பது... ஆகும்’ என்னும் சமன்பாட்டு வாக்கியம் வாசலை மூடிச் சுவராக்கிவிடுகிறது. பயனிலையாக வினை வராத பெயர்ப்பயனிலை வாக்கியமும் அதே விளைவையே தரும். ஃபெர்குசன் படகு இத்தகைய தமிழ்ப் பாடத்தின்கீழ் வழக்காடப்பட்டிருப்பின் தீர்ப்பு வேறாயிருத்தல் கூடும். ‘கப்பல் என்பதில்... கலங்களும் உள்ளடங்கும்’ என ஏழாம் வேற்றுமையும் உம்மையும் அமைய எழுதுவதே மூலத்தின் திறந்த தன்மையைக் காக்கும். அவ்வும்மை எச்சவும்மை, சொல்லப்படாத பிறவும் உள என்பதை அது உணர்த்துகிறது. ஓர் உருபும் ஓர் இடைச்சொல்லும் செய்யும் பணியை நீண்ட அடிக்குறிப்பு செய்ய இயலாது.

இதற்கு நேர்மாறான வரைவு முறையும் அக்காலத்திலேயே இந்தியாவில் கையாளப்பட்டது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், மனிதரையோ சொத்தையோ நீர்வழியே கொண்டுசெல்வதற்காகச் செய்யப்பட்ட எதனையும் கலம் என்னும் சொல் குறிக்கும் என்றது. ‘உள்ளடக்கும்’ அன்று, ‘குறிக்கும்’. இது மூடிய வரையறை; எனினும் வேலி மிக அகலமானது. துடுப்பும் இல்லை, பாயும் இல்லை, கடலும் இல்லை. செய்யப்பட்டதன் நோக்கம் ஒன்றே அளவுகோல். 2024 ஜூலை 1 அன்று அச்சட்டம் வழக்கொழியும் வரை ஓடம், பரிசல், கட்டுமரம் யாவும் இதற்குள் தடையின்றி நின்றன. மெக்காலேயின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அச்சட்டத்தின் மொழிச்சிக்கனத்துக்கு இதுவும் ஒரு சான்று.

கடல் மீட்புப் பரிசு குறித்த வழக்குகள் கப்பல் என்னும் சொல்லை வேறொரு திசையில் உரசிப் பார்த்தன. ஆபத்துற்ற கப்பலையும் அதன் சரக்கையும் தன் கடமை அல்லாதிருந்தும் காப்பாற்றியவன் பரிசுக்கு உரியவன் என்பது கடல்துறையின் தொன்மையான நெறி. நிலத்தில் பிறர் பொருளைத் தீயிலிருந்து காத்தவனுக்கு ஆங்கிலப் பொதுச்சட்டம் இத்தகைய உரிமை தருவதில்லை. ஆகவே காப்பாற்றப்பட்டது கப்பல்தானா என்பது பணம் சார்ந்த வினா ஆகிவிடுகிறது. 1882இல் ‘மாக்’ என்னும் பெயருடைய தூர்மண் ஏற்றும் பார்ஜ் ஒன்று விசாரணைக்கு வந்தது. அடிப்பக்கம் திறந்து சேற்றைக் கொட்டும் அமைப்புடையது, தானாக இயங்க எப்பொறியும் இல்லை, இழுத்துச் செல்லப்படுவது. மேல்முறையீட்டு மன்றம் அதனைக் கப்பல் என்றது. மீட்டவர்களுக்குப் பரிசு கிடைத்தது.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், அதைவிட அழகாகப் படகின் வடிவில் அமைந்த ஒன்று கப்பல் அன்று எனத் தள்ளப்பட்டது. ஹம்பர் ஆற்று முகத்தில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டிருந்த ‘விட்டன்’ எரிவாயு மிதவை அது. 50 அடி நீளமும் 20 அடி அகலமும் உடையது. உள்ளே எரிவாயுக் கொள்கலன். மேலே மாலுமிகளுக்கு வழிகாட்டும் விளக்கு. ஆளில்லை, சரக்கில்லை. கட்டறுந்து மிதந்து சென்ற அதனை மீட்டவர்கள் பரிசு கோரினர். 1897இல் பிரபுக்கள் அவை அவர்களுக்குப் பரிசு இல்லை எனத் தீர்த்தது. படகைப்போல் இருப்பது வேறு, படகாய் இருப்பது வேறு. அம்மிதவை செல்வதற்காகச் செய்யப்பட்டது அன்று, நிற்பதற்காகச் செய்யப்பட்டது. அழகற்ற மண்பார்ஜ் கப்பல் ஆனதும், படகுருவ மிதவை ஆகாததும் வடிவம் என்னும் அளவுகோலை வலுவிழக்கச் செய்தன. தொழில் என்னும் அளவுகோல் மேலோங்கிற்று. புயலில் உயிரைப் பணயம் வைத்து மிதவையைப் பிடித்தவர்களுக்கு இச்சொற்பொருள் நுட்பம் ஆறுதல் தந்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தொழில் என்னும் அளவுகோலையும் வாய்பாடாக்குவது எளிதாக இல்லை. 1926இல் நிலையாகக் கட்டப்பட்டிருந்த மிதவைப் பாரந்தூக்கி ஒன்று ‘கப்பல் அல்லது கலம்’ ஆகுமா என்னும் காப்புறுதி வழக்கில், யானையை வரையறுக்க இயலாவிடினும் கண்டால் அறிவேன் எனக் கூறியவர் ஒருவரின் நிலையை நீதிபதி ஸ்க்ரட்டன் நினைவூட்டினார். நகைச்சுவையாகப் பலராலும் எடுத்தாளப்படும் இக்கூற்று மொழியியல் நோக்கில் பொருளற்றது அன்று. பெரும்பாலான பெயர்ச்சொற்களைப் பேசுவோர் முன்மாதிரி கொண்டே அறிகின்றனர். விலகிய வகைகளை முன்மாதிரியோடு ஒத்தும் உறழ்ந்தும் தீர்மானிக்கின்றனர். நீதிபதி சொன்னதும் அதுவே. அந்தப் பாரந்தூக்கி கப்பலும் ஆகவில்லை, கலமும் ஆகவில்லை.

1943இல் நீதிபதி அட்கின்சன் வாய்பாடு ஒன்றைத் தர முயன்றார். கப்பல் ஒன்று பறக்கும் படகின்மேல் மோதியது. ‘வேறொரு கப்பல் அல்லது கலத்தோடு’ நிகழும் மோதலுக்கே காப்புறுதி பொறுப்பு. அவர் கருத்தில் கப்பல் என்பது உள்ளீடற்ற அமைப்பு. தன் உண்மையான வேலையை நீரின்மேல் செய்வதற்காகக் கருதப்பட்டது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கட்டுப்பாட்டுடன் தடையின்றிச் செல்ல வல்லது. பறக்கும் படகு நீரில் மிதந்தாலும் அதன் உண்மையான வேலை வானில் பறத்தல். எனவே அது கப்பலன்று. காப்புறுதி நிறுவனம் பணம் தரவேண்டியதும் இல்லை. 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகளோ நீரிலிறங்கும் விமானத்தையும் கலம் என்கின்றன. மோதாமல் விலகிச் செல்லும் கடமையைச் சுமத்துவதற்கு அது கலம். காப்புறுதிப் பணம் பெறுவதற்கு அது கலமன்று. இரண்டும் சரியே.

உள்ளீடற்ற அமைப்பு என்னும் நிபந்தனை தமிழ் வாசகருக்குக் கட்டுமரத்தை நினைவூட்டாமல் இராது. மரத்துண்டுகளைப் பிணைத்துச் செய்யும் கட்டுமரத்தில் குடைவு இல்லை. அலை அதன்மேல் ஏறி வடிந்துவிடும் என்பதே அதன் பாதுகாப்பு. வாய்பாட்டை எழுத்துப்படி பொருத்தினால், நூற்றாண்டுகளாகக் கடலில் சென்றுவந்த கட்டுமரம் கப்பலின் வாயிலிலேயே நிறுத்தப்படும். அதன் பெயரை ஆங்கிலம் கடன்வாங்கி, இரட்டை உடல் கொண்ட நவீன விரைவுக் கப்பலுக்கு ‘கேட்டமரான்’ எனச் சூட்டியிருக்கிறது. அதுவோ ஐயமின்றிக் கப்பல். பெயர் உள்ளே சென்றது. பெயருக்கு உரியது வெளியே நின்றது.

‘உண்மையான வேலை’ என்னும் கருத்தும் நிலைக்கவில்லை. கடலில் கால்களை ஊன்றி நின்று எண்ணெய் துளையிடும் மேடை, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மிதந்து செல்வது எப்போதோ ஒருமுறைதான். ஆயினும் 2001இல் ஆங்கில மேல்முறையீட்டு மன்றம் அதனைக் கப்பல் என ஏற்றது. அம்மேடைகளில் பணிபுரிந்தோர் கடலோடிகளுக்குரிய வருமானவரிச் சலுகை பெறுவரா என்பதே அங்கு வினா.

இனி எச்சத்தொடர். நீர்வழிச் செலவில் ‘பயன்படுத்தப்படும்’ என்னும் அடைமொழிக்கு ஆங்கில மூலம் இறந்தகால வடிவிலான எச்சத்தைக் கையாளுகிறது. அதற்கு அங்கே காலப்பொருள் இல்லை. தமிழ்ப் பெயரெச்சம் காலம் காட்டாமல் வராது. ‘பயன்படுத்தப்பட்ட’ என்றால் முன்பு ஓடி இன்று கிடப்பதும் அடங்கும். ‘பயன்படுத்தப்படுகிற’ என்றால் பழுதுபார்ப்பில் இருப்பது விலகும். ‘பயன்படும்’ என்னும் செய்யும் என் வாய்பாடே இயல்பையும் வழக்கத்தையும் உணர்த்தி மூலத்துக்கு அண்மையில் நிற்கிறது. எதிர்மறையில் இச்சிக்கல் இல்லை: ‘செலுத்தப்படாத’ என்பது முக்காலத்துக்கும் பொது. ஒருபோதும் துடுப்பால் செல்லாததா, பொதுவாகச் செல்லாததா என ஃபெர்குசன் வழக்கில் எழுந்த ஐயத்தைத் தமிழ் எதிர்மறைப் பெயரெச்சம் அப்படியே காத்து வைத்திருக்கிறது.

நீர்வழிச் செலவு என்றால் என்ன என்பதே அடுத்த வினா. சவுத்போர்ட் நகரில் அரைமைல் நீளமும் 180 கெஜ அகலமும் உடைய செயற்கை ஏரியொன்றில் மின்விசைப் படகு பயணிகளை ஏற்றி உலவி வந்தது. பயணிகள் கப்பலுக்குரிய சான்றிதழ் அதற்கு வேண்டும் என வழக்கிடப்பட்டது. அத்தகைய நீர்ப்பரப்பில் சுற்றிவருவது நீர்வழிச் செலவு ஆகாது என 1893இல் தீர்ப்பாயிற்று. ஒரு நூற்றாண்டுக்குப் பின் இத்தீர்ப்பின் வழித்தோன்றலாக வந்தவை ஜெட் ஸ்கி வழக்குகள். 1992இல் தீர்ப்பான வழக்கொன்றில், ஜெட் ஸ்கியில் சென்றபோது விரைவுப்படகோடு மோதிக் காயமுற்ற ஒருவர் வழக்கிட்டிருந்தார். ஜெட் ஸ்கி கலமாயின் கடல்துறைக்குரிய இரண்டாண்டுக் காலவரம்பு அவர் வழக்கைத் தள்ளிவிடும். அது கலமன்று என நீதிபதி ஷீன் தீர்த்தமையால் வழக்கு உயிர் பிழைத்தது. கலம் என்றாலே ஆளையோ பொருளையோ கொள்ளும் உட்குழிவு உடையது என்னும் பழைய பாத்திரப் பொருளையும் அவர் எண்ணிப் பார்த்தார்.

2005இல் அதே சொற்பொருள் எதிர்த்திசையில் வேலை செய்தது. வெய்மத் அருகே ஜெட் ஸ்கி ஒன்று மற்றொன்றோடு மோதி, அதிலிருந்தவருக்குப் பலத்த காயம். கப்பலின் தலைவன் என்னும் நிலையில் குற்றம் சாட்டப்பட்டு, ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டு மன்றம் தண்டனையை நீக்கியது: நீர்வழிச் செலவு என்றால் ஓரிடம் நோக்கி ஒழுங்குடன் செல்லுதல், கேளிக்கைக்காக அலைகளின்மேல் வட்டமிடுவது அதுவன்று. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2023இல், தனிநபர் நீர் ஊர்திகளையும் வணிகக் கப்பல் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரும் ஆணை பிறந்தது. அகராதியால் ஆகாததை ஆணை செய்தது. இன்னின்ன பொருளைக் கப்பலாகக் கொள்க, இன்னின்னதைக் கொள்ளற்க என அமைச்சர் அறிவிக்கும் அதிகாரத்தை 1995ஆம் ஆண்டுச் சட்டமே வழங்கியுள்ளது. சொல்லின் பொருளை வழக்கு தீர்மானிக்கும் என்பது மொழியியலின் பாலபாடம். இங்கே அமைச்சகம் தீர்மானிக்கிறது. துடுப்பு பற்றிய தொடரோ 1993ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பிரித்தானிய வரையறையிலிருந்து ஓசையின்றி நீங்கிவிட்டது.

அமெரிக்காவில் மூலச்சொல்லே வேறு. 1873ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பிலிருந்து தொடரும் வரையறை, நீரின்மேல் போக்குவரத்துக்குப் பயன்படும் அல்லது பயன்படக்கூடிய எல்லா நீர் ஊர்திகளையும் செயற்கைச் சாதனங்களையும் ‘வெஸ்ஸல்’ என்னும் சொல்லுக்குள் அடக்குகிறது. ‘பயன்படக்கூடிய’ என்னும் சொல்லே அங்குப் பெருவிவாதத்தின் இருப்பிடம். ஃப்ளோரிடாவின் ரிவியரா பீச் நகரத் துறையில் ஃபேன் லாஸ்மன் என்பவர் மிதக்கும் வீட்டில் வாழ்ந்தார். ஒட்டுப்பலகையால் ஆன, 60 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட வீடு. சுக்கான் இல்லை, எஞ்சின் இல்லை. சன்னல்கள் சாதாரண வீட்டுச் சன்னல்கள். துறைக் கட்டணமாக மூவாயிரம் டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகை பாக்கி என நகராட்சி வழக்கிட்டது. வழக்கு அவர்மேல் அன்று, வீட்டின்மேல். கடல்துறைச் சட்டத்தில் கலமே பிரதிவாதி ஆகலாம். அதனைச் சிறைப்பிடித்து ஏலமிடலாம். நிலத்து வீட்டுக்கு உள்ள காப்புகள் அங்கில்லை. கீழ்மன்றங்கள் அதனைக் கலம் என்றன. வீடு ஏலம் போயிற்று. நகராட்சியே வாங்கி இடித்தது. 2013 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்னும் பெரும்பான்மையில் அது கலமன்று எனத் தீர்த்தபோது வீடு இல்லை. மிதக்கக்கூடியது எல்லாம் கலமாயின் மரத்தொட்டியும், கழற்றிய கதவும் கலமாகிவிடும் என நீதிபதி பிரேயர் எழுதினார். அமைப்பையும் செயற்பாட்டையும் காணும் அறிவுடையோன் ஒருவன், ஆளையோ பொருளையோ நீரின்மேல் கொண்டுசெல்ல அமைந்தது எனக் கருதுவானா என்பதே அவர் தந்த அளவுகோல். எட்டாண்டுகளுக்கு முன் அதே மன்றம் பாஸ்டன் துறைமுகத்தில் பணிபுரிந்த தூர்வாரும் மேடையைக் கலம் என்று ஏற்றதும், அதனால் காயமுற்ற தொழிலாளிக்குக் கடலோடிக்குரிய நிவாரணம் கோரும் வழி திறந்ததும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கன.

பிரித்தானிய அளவுகோல் ‘நாவிகேஷன்’. அமெரிக்க அளவுகோல் ‘டிரான்ஸ்போர்ட்டேஷன்’. இரண்டையும் தமிழில் ‘நீர்வழிப் போக்குவரத்து’ என எழுதுவது பரவலான வழக்கம். அவ்வாறு எழுதினால் இரு சட்டமரபுகளின் வேறுபாடு மறைந்துவிடும். மீன்பிடி படகு கடலில் செல்கிறது. ஆனால் எவரையும் எதனையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசேர்ப்பது அதன் முதன்மை வேலை அன்று. முன்னதற்குக் ‘கலஞ்செலுத்தல்’ என்றோ ‘நீர்வழிச் செலவு’ என்றோ, பின்னதற்குப் ‘போக்குவரத்து’ என்றோ பிரித்து வழங்குதல் நன்று. செலவு என்பதற்குப் பயணம் என்னும் பழம்பொருள் இருப்பினும் இக்காலப் படிப்பாளர் பணச்செலவு எனக் கொள்ள இடமுண்டு. ஆதலால் கலஞ்செலுத்தல் பாதுகாப்பானது.

பன்னாட்டு ஒப்பந்தங்களில் ஒவ்வொன்றும் தனக்குரிய கப்பலைத் தானே செய்துகொள்கிறது. 1924ஆம் ஆண்டின் ஹேக் விதிகளுக்குக் கடல்வழிச் சரக்கேற்றப் பயன்படும் கலமே கப்பல். கடல் மாசுத் தடுப்புக்கான 1973ஆம் ஆண்டின் ஒப்பந்தத்துக்கோ கடலடியில் நிலையாக ஊன்றிய மேடையும் கப்பல். எண்ணெய் கசிந்தால் அது ஓடுமா நிற்குமா என்பது மீனுக்கு ஒன்றே. 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை ஷிப், வெஸ்ஸல் இரண்டையும் வரையறுக்காமலே மாறி மாறி ஆள்கிறது. அதன் பிரெஞ்சுப் பாடத்தில் ‘நவீர்’ என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கிறது. இரு பாடங்களும் சமமான அதிகாரம் உடையவை. ஆகவே ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருப்பதனாலேயே இரண்டு பொருள் தேடக்கூடாது என்பது பெறப்படும். அவ்வுடன்படிக்கையைத் தமிழாக்குவோர் இரண்டுக்கும் கப்பல் என எழுதினால் பிழையில்லை. இந்தியச் சட்டங்களைத் தமிழாக்குவோர் அவ்வாறு எழுதினால் பிழை.

ஏன் பிழை என்பதை இந்திய வரையறைகளே காட்டும். 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் ஆங்கில மூலத்தை ஏற்று, ஒரு சொல்லைச் சேர்த்தது: துடுப்பால் ‘மட்டுமே’ செலுத்தப்படுவது அல்லாத கலங்கள். ஃபெர்குசன் தீர்ப்பின் பயன் அவ்வொரு சொல்லில் அடங்கிவிட்டது எனலாம். இதனைத் ‘துடுப்பால் மட்டுமே செலுத்தப்படாத’ என மொழிபெயர்த்தல் ஆகாது. துடுப்பைத் தவிர மற்றெல்லாவற்றாலும் செலுத்தப்படுவது என விபரீதப் பொருள் தோன்றும். எதிர்மறை ‘மட்டுமே’ என்பதைத் தழுவ வேண்டுமாயின் ‘துடுப்பால் மட்டுமே செலுத்தப்படும் கலம் அல்லாத’ என அல்லாமையைப் பின்னே நிறுத்துதல் வேண்டும். சென்னைக் கரையில் அலைமறித்து ஆளும் சரக்கும் ஏற்றியிறக்கிய மசூலாப் படகுகள் துடுப்பை நம்பியவை. அவை இவ்வரையறைக்கு வெளியே நின்றன.

1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் வேறொரு கோடு கிழித்தது. கப்பல் என்பதில் பாய்க்கலம் உள்ளடங்காது என்றது. பாயினால் மட்டுமே செல்லப் போதிய பாய்ப்பரப்பு உடையது பாய்க்கலம். எஞ்சின் பொருத்தியிருப்பினும் அது பாய்க்கலமே. துடுப்புப் படகும் ஓடமும் அதனுள் அடங்கும். தூத்துக்குடியிலிருந்து பாய்விரித்துக் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற தோணிகள் இச்சட்டத்தின்முன் கப்பல்கள் அல்ல. அவற்றுக்குத் தனிப்பகுதியில் தனிவிதிகள். தோணியோட்டியை நோக்கி நீ ஓட்டுவது கப்பலன்று எனில் அவன் நகைப்பான். மூன்று பாய்மரச் சதுரப்பாய்க் கலத்தையே கப்பல் என்ற ஆங்கில மாலுமியும் நகைத்திருப்பான்; அவன் மிகச் சிறப்பாகக் கப்பல் எனக் கொண்டதையே இச்சட்டம் கப்பலினின்று விலக்கியது. அச்சட்டத்தில் ஷிப், வெஸ்ஸல், பாய்க்கலம் என்னும் மூன்றும் மூன்று எல்லைகள். மூன்றையும் கப்பல் எனத் தமிழாக்கினால் ‘கப்பல் என்பதில் பாய்க்கப்பல் உள்ளடங்காது’ என்னும் முரண்தொடரே எஞ்சும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கலம் என்னும் சொல்லை மிக அகலமாக்கி, நீர்மூழ்கி ஊர்திகள், நீரிலும் நிலத்திலும் செல்வன, பார்ஜுகள், நகரும் துரப்பண மேடைகள் வரை அதனுள் கொண்டுவந்தது.

இவ்வேறுபாடுகள் ஏட்டளவில் நிற்பன அல்ல. மத்தியச் சட்டங்களின் அதிகாரபூர்வ பாடங்கள் பற்றிய 1973ஆம் ஆண்டின் சட்டப்படி, குடியரசுத் தலைவரின் அங்கீகாரத்தோடு அரசிதழில் வெளியாகும் மாநில மொழிப் பெயர்ப்பு அம்மொழியில் அதிகாரபூர்வ பாடமாகவே கொள்ளப்படும். மொழிபெயர்ப்பாளன் அமைத்த உம்மையை வழக்கறிஞர் மன்றத்தில் படித்துக் காட்டலாம்.

கடல்துறை அதிகார வரம்பு பற்றிய 2017ஆம் ஆண்டின் சட்டம், பழைய ஆங்கிலச் சட்டங்களை நீக்கி 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சென்னை உள்ளிட்ட கடலோர மாநில உயர்நீதிமன்றங்கள் கலங்களைச் சிறைப்பிடிப்பது இதன்கீழ்தான். அதன் வரையறையில் கலம் என்பதில் கப்பல், படகு, பாய்க்கலம், பார்ஜ், ஹோவர்கிராஃப்ட் யாவும் உள்ளடங்கும். இயங்குவதும் இயங்காததும் உள்ளடங்கும். மூழ்கியதும், தரைதட்டியதும், கைவிடப்பட்டதும், அவற்றின் எச்சமும் உள்ளடங்கும். அதன் விளக்கவுரையோ, நீர்வழியில் பயன்படுத்தவே இயலாத அளவுக்கு உடைக்கப்பட்டுவிட்டதெனக் கப்பல் ஆய்வாளர் (சர்வேயர்) சான்றளித்த கலம், இவ்வரையறையின் பொருட்டுக் கலமாகக் கொள்ளப்படாது என்கிறது. எழுவாயில் கலம், பயனிலையில் கலமன்று. முதல் கலம் உலகியற்சொல், இரண்டாவது சட்டச்சொல் என்பதை மொழிபெயர்ப்பில் காட்ட, ‘உடைக்கப்பட்ட ஒன்று, கலம் எனக் கொள்ளப்படாது’ என எழுவாயைப் பொதுமைப்படுத்தினால் போதும். குஜராத்தின் அலாங் கடற்கரையில் ஏற்றப்பட்டு உடைபடக் காத்திருக்கும் கப்பலில் கூலி பெறாத மாலுமிகள் இருப்பின், அவர்கள் உரிமை அக்கப்பலைப் பற்றியே நிற்கும். தகடுகள் ஒவ்வொன்றாய் வெட்டப்படும்போது எந்தத் தகட்டோடு கலம் கலமல்லாமல் போகிறது என்பதைச் சட்டம் கூறவில்லை. ஆய்வாளரின் சான்றிதழில் உள்ள தேதியே அதனைக் கூறும்.